செவிலியர்க்கு முனைவர் பட்டம் எதற்கு?

“ஊசி போடுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் முனைவர் பட்டமா?” என வினவுவோர் கற்றவரிடையேயும் உளர். செவிலியர் பணியை ஏவல் கேட்டுச் செய்யும் பணியாகவே கண்டு பழகியதன் விளைவு இது. நம் அகப்பொருள் இலக்கணம் அவ்வாறு கருதவில்லை. வளர்த்த தாயாகிய செவிலிக்கும் கூற்று நிகழ்த்தும் உரிமை உண்டு எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. நோயாளியின் அருகிருந்து காக்கும் இன்றைய செவிலியர்க்கு அத்தகைய கூற்றுரிமை உண்டா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956ஆம் ஆண்டு நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அங்கே குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் செவிலியர் ஜீன் வார்டு. இதமான வெயில் அடிக்கும் நாள்களில் குழந்தைகளை வெளியே எடுத்துச் செல்வது அவர் வழக்கம். மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தையின் உடலில், வெயில் பட்ட இடம் வெளுத்திருக்க, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்த ஆராய்ச்சியில் ஒளிச் சிகிச்சை பிறந்தது. இன்று நம்மூர் மருத்துவமனைகளில் நீல ஒளியின்கீழ்க் கிடத்தப்படும் பச்சிளங் குழந்தைகளும் அவருடைய கூரிய பார்வைக்குக் கடன்பட்டவர்களே. ஆயினும், 1958இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் மூவருள் அவர் இல்லை.

கண்டவர் ஒருவர், நிறுவியவர் பிறர். இதற்காக அம்மருத்துவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கண்டதை அளந்து, ஒப்பிட்டு, உலகம் ஏற்கும்படி எழுதும் பயிற்சி அன்றைய செவிலியர்க்குக் கிட்டுவது அரிதாக இருந்தது. அப்பயிற்சியைத் தருவதே முனைவர் பட்டம்.

அப்பயிற்சி பெற்ற செவிலியர் என்ன செய்ய இயலும்? அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான லிண்டா எய்க்கன், தம் குழுவினருடன் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், 30 நாள்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுந்திருந்தது. “வேலைப்பளு அதிகம்” என்று முணுமுணுத்தால் எவரும் செவிசாய்ப்பதில்லை. இத்தகைய கணக்கை எளிதில் தள்ளிவிட எவராலும் இயலாது.

அமெரிக்காவில் இம்முனைவர் பட்டம் இரு வகைப்படும். புதிய அறிவைத் தேடும் ஆய்வுப் பட்டம் ஒன்று. அறிந்ததை நோயாளியின் நலனுக்காக நடைமுறைப்படுத்தும் செயல்முறைப் பட்டம் மற்றொன்று. பின்னது கெண்டக்கி பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கியது. உயர்நிலைச் செவிலியப் பணிக்கு 2015க்குள் இதுவே தகுதியாக வேண்டும் என அந்நாட்டுச் செவிலியக் கல்லூரிகளின் சங்கம் 2004இல் தீர்மானித்தது. அவ்விலக்கு முற்றும் எய்தப்படவில்லை. முதுநிலைப் பட்டத்தோடு அப்பணிக்கு வருவோர் இன்றும் உளர். இளநிலைப் பட்டத்திற்குப்பின் நடைமுறைப் பயிற்சியும் இதற்கு வேண்டும். தலைமையும் புதுமையும் இதன் இரு கண்கள். ஒரு பிரிவில் மட்டும் படுக்கைப் புண் மிகுவது ஏன்? ஒருவர் பணி முடித்து மற்றொருவர் ஏற்கும்போது எந்தச் செய்தி விடுபடுகிறது? இவற்றின் காரணம் தேடி, மாற்றுமுறை வகுத்து, உடன் பணிபுரிவோரை இணங்கச் செய்து, பயனை அளந்து காட்டுவதே மாணவரின் கடமை. தலைமை என்பது நாற்காலியன்று. இவ்வாறு மாற்றிக் காட்டும் ஆற்றலே.

உலக அளவில் 59 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை உள்ளதென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. இருப்பவரையும் படிக்க அனுப்பிவிட்டால் நோயாளியை யார் கவனிப்பது என்று கேட்கலாம். நேர்மையான கேள்வியே. முனைவர் பட்டம் எல்லாச் செவிலியர்க்கும் வேண்டுவதன்று. ஆனால், செவிலியர் ஏன் பணியை விட்டு விலகுகின்றனர், எத்தனை பேர் இருந்தால் நோயாளி பிழைப்பார் என்பவற்றைச் சான்றோடு உரைக்க, அத்துறையின் உள்ளிருந்தே சிலர் எழ வேண்டும்.

நம் நாட்டில் வேலூரிலும் தில்லியிலும் 1946இல் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. இன்று முனைவர் பட்ட ஆய்வுக்கும் வழியுண்டு. ஆயினும், அப்பட்டம் பெற்றோர் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியராகவே அமைகின்றனர். ஆசிரியப் பணி உயர்ந்ததே. ஆனால், படிக்கப் படிக்க நோயாளியை விட்டு விலக்கிவிடும் கல்வி முழுப்பயன் தாராது. கட்டிலருகே அவர்க்குரிய பதவியும், அதற்கேற்ற ஊதியமும், முடிவெடுக்கும் அவையில் இடமும் வேண்டும். அவை இல்லையேல் பெயருக்கு முன்னே ஓர் அடைமொழி மட்டுமே மிஞ்சும்.

செவிலியம் பயிலும் தங்கை ஒருத்தி மேலும் படிக்க விழைந்தால், “இதற்கு மேல் என்ன படிப்பு?” என்று அவளைத் தடுத்துவிடாதீர்கள். மருத்துவமனை நடத்தும் பெரியோர்கள், அவள் கற்று வரும்போது அமர்வதற்கு ஓர் இடத்தை இன்றே உருவாக்குங்கள். கல்வி உதவி நல்கும் அறக்கட்டளைகள் பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் திறக்கும் கதவைச் செவிலியத்திற்கும் திறக்கட்டும். இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்த்தவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் மருத்துவமனையில் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கும்.