சிங்கப்பூர் வழி திருவள்ளூர்

திருநின்றவூரிலிருந்து திருவள்ளூர், எலெக்ட்ரிக் ட்ரெயினில் நாலாவது ஸ்டேஷன். நண்பர் ஒருவர் திருநின்றவூரில் உட்கார்ந்தபடி திருவள்ளூர் பட்டறையின் காமிராவைப் பார்ப்பார். படம் திக்கித் திக்கி வருகிறதே என்று 'டிரேஸ்ரூட்' போட்டுப் பார்த்தோம். தகவல் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை அது. நடுவில் சிங்கப்பூர்!

இரண்டு இடத்திலும் வேறு வேறு கம்பெனி இணைப்பு. இன்டர்நெட்டில் வழியைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, ஒப்பந்தம். இரண்டு நெட்வொர்க்குகள் சமமாகப் பரிமாறிக்கொண்டால் 'பியரிங்'. 'என் வழியாக உலகம் பூரா போ, காசை வை' என்றால் 'டிரான்ஸிட்'. பெரிய கம்பெனி சின்னதோடு ஏன் பியரிங் செய்யவேண்டும்? செய்தால் ஒரு வாடிக்கையாளர் போச்சே! விளைவு, அடுத்த தெருவுக்குப் போகவேண்டியது கடல் தாண்டுகிறது. சென்னை-சிங்கப்பூர் ஐ2ஐ கேபிள் மட்டும் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒளிக்கு அது பெரிய தூரமில்லை என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அந்த கேபிளுக்கு வாடகை உண்டு. அது கடைசியில் யார் பில்லில் வந்து உட்காரும்? 2008 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்து இந்திய இன்டர்நெட் தள்ளாடியது. வெளியே போகவேண்டியது தடைப்பட்டால் விதி எனலாம். உள்ளூர்ச் சமாச்சாரமும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் அது மடத்தனம்.

இதற்காகவே 2003-ல் 'நிக்ஸி' என்ற பரிமாற்ற மையத்தை ஆரம்பித்தார்கள். சென்னையிலும் ஒன்று. ஆனால் 'கேட்கிறவன் காசு கொடு' என்று ஒரு விதி வைத்தார்கள். வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் சின்ன கம்பெனி எப்போதும் கேட்கிற கட்சி. சந்தைக்குள் நுழைந்ததற்கே அபராதம் மாதிரி! 2007-ல், நிக்ஸியை உருப்படியாக்குவது எப்படி என்று டிராய் தனியாகப் பரிந்துரை எழுதவேண்டி வந்தது.

திருநின்றவூர் பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார், சாமி வந்தது. நாம் நிஜமாகவே கட்டினோம். சாமிதான் வரவில்லை.

இப்போது தேவலை. சென்னையில் தனியார் பரிமாற்ற மையங்களும் வந்துவிட்டன. ஆனாலும் யார் யாரோடு, என்ன நிபந்தனையில் சேருகிறார்கள் என்பது பெரும்பாலும் கம்பெனி ரகசியம். லைசென்ஸ் கொடுக்கும் அரசு ஒரு வரி சேர்க்கட்டும்: உள்நாட்டுத் தகவல் உள்நாட்டிலேயே, காசில்லாமல் கைமாறவேண்டும். நீங்களும் அடுத்த முறை இணைப்பு வாங்கும்போது, எத்தனை எம்.பி. என்று மட்டும் கேட்காதீர்கள். 'என் பக்கத்து வீட்டுக்கு எந்த வழியாகப் போவீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், சிங்கப்பூர்தான்.