பவரை அளப்பதற்கு முன் கண்ணீரை அளக்க வேண்டாமா?

சென்ற தை மாதம் மாதுங்காவில் நடந்த ஒரு கல்யாணத்தில் என் மைத்துனர் மகளைச் சந்தித்தேன். செம்பூரில் இருப்பவள். ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேசிக் கொண்டிருக்கும்போதே அரை மணிக்கு ஒரு தரம் கைப்பையைத் திறந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கொண்டாள். "என்னம்மா, கண்ணில் ஏதாவது விழுந்து விட்டதா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, லேசர் பண்ணிக் கொண்டதிலிருந்து இப்படித்தான். பார்வை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி உறுத்துகிறது" என்றாள்.

விசாரித்தபோது விஷயம் புரிந்தது. பள்ளி நாளிலிருந்தே அவளுக்குக் கண்ணாடி. வரன் பார்க்க ஆரம்பித்ததும் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினாள். மாலையானால் கண் சிவந்து எரிந்தது. "லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, லேசர் செய்து விடலாம்" என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். போன இடத்தில் பவரை அளந்தார்கள், கருவிழியின் கனத்தை அளந்தார்கள். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று யாரும் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. அது எந்த இடம் என்பது இங்கே முக்கியமல்ல. இதே முடிவை நம் குடும்பங்கள் பலவும் இதே வேகத்தில் எடுக்கின்றன என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் அச்சோடும் பேரிங்கோடும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அது வற்றினால் சூடேறி 'ஹாட் ஆக்ஸில்' ஆகிவிடும். வண்டியை நிறுத்தி அந்தப் பெட்டியைக் கழற்றி விட வேண்டியதுதான். கண்ணிலும் கருவிழியின் மேல் அப்படி ஒரு படலம் இருக்கிறது. அதில் இமையோரச் சுரப்பிகள் தரும் எண்ணெய், நீர், பசை மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இமைக்கும்போதெல்லாம் அது புதிதாகப் பூசப்படுகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். கம்ப்யூட்டரையும் செல்போனையும் உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதோடு ஏ.சி. அறை, லோக்கல் ரயிலின் வாசல் காற்று, தாராவி கும்பார்வாடாவின் சூளைப் புகை, செம்பூரின் தொழிற்சாலைக் காற்று எல்லாம் சேர்ந்தால் படலம் எப்படித் தாங்கும்?

லேசிக் சிகிச்சையில், சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மூடி போல வெட்டித் தூக்கி, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்ப வைக்கிறார்கள். 'இங்கே காய்ந்து விட்டது, கண்ணீர் அனுப்பு' என்று செய்தி சொல்லும் நுண்ணிய நரம்புகள் அந்த மேல்பகுதியில்தான் ஓடுகின்றன. மூடி வெட்டும்போது அவற்றில் பெரும்பாலானவை அறுபடுகின்றன. சிக்னல் கம்பி அறுந்த ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடுகிறது கண். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் சரியாகி விடும், சிலருக்கு நீடிக்கும். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், முன்பு வறட்சித் தொந்தரவே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து அதைச் சொன்னார்கள். அதே ஆய்வில் மிகப் பெரும்பாலோர் பார்வையில் திருப்தி அடைந்திருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். லேசர் கெட்டது என்று நான் வாதாட வரவில்லை. ஏற்கெனவே காய்ந்த கண்ணுக்கு அது ஏற்றதா என்பதுதான் கேள்வி. லென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் போவதே பல பேருக்குக் கண் காய்ந்திருப்பதன் அடையாளம். அந்த அடையாளத்தையே காரணமாக்கி லேசருக்கு ஓடுகிறோமே, இது தலைகீழ் அல்லவா?

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. முதல் வழி, பழைய கண்ணாடிதான். அது கருவிழியைத் தொடுவதில்லை. காற்றையும் தூசியையும் ஓரளவு தடுக்கவும் செய்கிறது. லென்ஸ்தான் வேண்டுமென்றால், தினம் ஒன்று மாற்றும் வகை சிலருக்கு ஒத்து வரும். வறட்சி கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்கிளீரல் என்ற பெரிய லென்ஸ் உண்டு. அதன் அடியில் உப்புநீர் தேங்கி நின்று கருவிழியை நனைத்துக் கொண்டே இருக்கும். லேசரிலேயே பி.ஆர்.கே. முறையில் மூடி வெட்டுவதில்லை. ஆனால் சில நாள் வலி இருக்கும். ஸ்மைல் முறையில் சில மில்லிமீட்டர் நீளச் சின்ன வெட்டு போதும். நரம்புகள் குறைவாக அறுபடும். இவை இரண்டிலும் வறட்சி வரவே வராது என்று சொல்ல முடியாது. ஐ.சி.எல். என்பது கண்ணுக்குள், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸைப் பொருத்துவது. கருவிழியைச் செதுக்குவதில்லை என்பதால் காய்ந்த கண்காரர்களுக்கு டாக்டர்கள் இதை யோசிப்பதுண்டு. ஆனால் கண்ணுக்குள் செய்யும் ஆபரேஷன். செலவும் கூடுதல், அதற்கான அபாயங்களும் உண்டு. எதைச் செய்தாலும் நாற்பதைத் தாண்டினால் சாளேசரம் வரத்தான் வரும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டராக்ட் ஆபரேஷனுக்கு முன்னும் வறட்சியைச் சரி செய்து கொள்ளுங்கள். கண் காய்ந்திருந்தால் கருவிழியின் வளைவு அளவு தவறாக வரலாம். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரும் தவறிப் போகும்.

ரயில்வே வேலைக்கு முயலும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இன்ஜின் ஓட்டும் லோகோ பைலட் வேலைக்குக் கண்ணாடியில்லாமல் 6/6 பார்வை வேண்டும் என்று விதி. அதற்காக லேசிக் செய்து கொண்டு போனால் அதுவே தகுதியின்மை. ஆள் எடுக்கும் அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்த பிறகே எதையும் செய்யுங்கள்.

கண்ணீரை அளக்கப் பெரிய மிஷின் வேண்டாம். ஒட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் 1903-இல் சொன்ன முறையில், மை ஒற்றும் தாள் போன்ற ஒரு சின்னத் துண்டைக் கீழ் இமையில் மாட்டி, ஐந்து நிமிஷம் கழித்து எவ்வளவு நனைந்தது என்று பார்ப்பார்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை; ஐந்துக்குக் கீழே என்றால் வறட்சி கடுமை. கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, படலம் எத்தனை வினாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். முடக்குவாதம், சர்க்கரை வியாதி, முகப்பரு மாத்திரை, ஜலதோஷ மாத்திரை இவற்றையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் சங்கங்கள் கண் முகாம் நடத்தும்போது பவர் பார்ப்பதோடு இந்தத் தாள் சோதனையையும் சேர்க்கும்படி டாக்டர்களைக் கேட்டுக் கொள்ளலாம் என்பது என் யோசனை. தாராவிவாசிகளுக்குப் பக்கத்திலேயே சயானில் மாநகராட்சி ஆஸ்பத்திரியின் கண் பிரிவும் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று தயங்கும் வரன், நாளைக்கு வேறெதற்கும் தயங்கும். அந்த அவசரத்துக்காக அவள் கண்ணைப் பணயம் வைக்காதீர்கள். மைத்துனர் மகளுக்கு இப்போது வேறொரு டாக்டர் இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடமும், பதனப்பொருள் கலக்காத சொட்டு மருந்தும் சொல்லியிருக்கிறார். உறுத்தல் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். "மாமா, இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்குத்தான் இதை எழுதினேன்.