அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. கை, கால் மூட்டுகளில் வீக்கம். அதற்காக டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த மாத்திரை. தினமும் 20 மில்லிகிராம். பல வாரங்கள் சாப்பிட்டார். வீக்கம் வடிந்தது.

"இனி மாத்திரையைக் குறைக்கலாம்" என்று சொல்லி, டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனிடம் கொடுத்தார். பேரன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கெட்டிக்காரப் பையன்.

சீட்டில் "ரெட்யூஸ் பை 5" என்று இருந்தது. "ரெட்யூஸ்" என்றால் குறைப்பது. அது அவனுக்குத் தெரியும். 5 என்பது 5. அதுவும் தெரியும். நடுவில் நின்ற "பை"யை அவன் கவனிக்கவில்லை.

"பாட்டி! நாளையில் இருந்து 5 மில்லிகிராம் சாப்பிட்டால் போதும்" என்றான்.

நாலாம் நாள் காலையில் பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. தலை சுற்றியது. வாந்தி வந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

"எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார்.

"5" என்றார், பாட்டி.

டாக்டர் திடுக்கிட்டார். "5 குறைக்கத்தானே எழுதினேன்? 5 ஆகக் குறைக்கச் சொல்லவில்லையே! 15 அல்லவா சாப்பிட வேண்டும்?"

இந்த வகை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்கும் சுரப்பு குறைந்துவிடும். மாத்திரையைத் திடீர் என்று நிறுத்தினாலும், ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

நல்லவேளை, பாட்டி பிழைத்துக்கொண்டார். பேரன்தான் அழுதுகொண்டே இருந்தான். "பை என்றால் 'ஆல்' என்றுதானே படித்தேன்!" என்றான்.

அவன் படித்தது பொய் அல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல.

பக்கத்தில் பிறந்தது

"பை" என்பது ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. நம் ஊர்ப் பையைப் போலவே அந்தப் பைக்குள்ளும் பல பொருள்கள் கிடக்கின்றன. கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் கிடைப்பது, "பக்கத்தில்" என்ற பொருள். இதுதான் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு "அருகில்", "சுற்றி" என்பதே பொருள். ஜெர்மன் மொழியில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் உச்சரிப்பும் "பை"தான். பொருளும் "அருகில்"தான்.

இன்றும் "பை த ரிவர்" என்றால் "ஆற்றங்கரையில்". "பை த விண்டோ" என்றால் "ஜன்னல் ஓரத்தில்". இங்கே போய், "ஆற்றால்", "ஜன்னலால்" என்று மொழி பெயர்த்தால் என்ன ஆகும்? கேட்பவர் சிரிப்பார்.

பக்கத்தில் இருந்த சொல், பிறகு "வழியாக" என்று ஆயிற்று. வழியாக என்பது, "மூலமாக" என்று ஆயிற்று. "பை போஸ்ட்" என்றால் தபால் மூலம். "பை பஸ்" என்றால் பஸ்ஸில். கடைசியில் செய்தவரையும் இந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது. "பை கம்பர்" என்றால் "கம்பரால்".

இது ஒரு நாளில் நடந்தது அல்ல. 1611-ல் வெளிவந்த புகழ் பெற்ற ஆங்கில பைபிளில், இன்று "பை" வர வேண்டிய பல இடங்களில் "ஆஃப்" என்ற சொல்லே இருக்கிறது. ஆங்கிலேயரே மெல்ல மெல்லத்தான் இதற்குப் பழகினார்கள். நமக்குக் குழப்பம் வந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கத்தியால் நறுக்கியது யார்?

தமிழில் மூன்றாம் வேற்றுமை என்று படித்திருப்பீர்கள். அதன் உருபு "ஆல்".

"கத்தியால் நறுக்கினாள்" என்கிறோம். "அம்மாவால் நறுக்கப்பட்டது" என்கிறோம். இரண்டிலும் "ஆல்" வருகிறது. கத்தி, கருவி. அம்மா, கருத்தா. தமிழ் இரண்டுக்கும் ஒரே உருபைக் கொடுத்தது.

ஆங்கிலம் அப்படிச் செய்யவில்லை. அம்மாவுக்கு "பை". கையில் பிடித்த கத்திக்கு "வித்". இது தெரியாமல், "ஆல்" வரும் இடத்தில் எல்லாம் "பை" போட்டால், கத்தி தானே எழுந்து வந்து காய் நறுக்கிய கதை ஆகிவிடும்!

இன்னொன்றும் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோவில் ராஜராஜ சோழனால் கட்டப்பட்டது. அது முடிந்த ஆண்டு 1010. ராஜராஜன் கல் சுமந்தானா? இல்லை. அவன் கட்டச் சொன்னான். சிற்பிகள் கட்டினார்கள். "ராஜராஜனால் ஆன கோவில்" என்றாலும் சரி, "சிற்பிகளால் ஆன கோவில்" என்றாலும் சரி. கட்டச் சொன்னவனை "ஏவுதல் கருத்தா" என்றும், கட்டியவனை "இயற்றுதல் கருத்தா" என்றும் நம் இலக்கணம் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே "பை".

பயணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "பை கார்" சரி. "பை மை கார்" தவறு. "என் காரில்" என்று குறிப்பிட்டுச் சொன்னால் "இன் மை கார்" என்றுதான் சொல்ல வேண்டும். நடந்து போனால், "ஆன் ஃபுட்" என்பதே நெடுநாள் வழக்கம்.

பெருக்குமா, வகுக்குமா?

பைக்குள் கணக்கும் இருக்கிறது.

ஓட்டலில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். "ஒன் பை டூ காபி" என்கிறார்கள். ஒரு காபி இரண்டாகப் பிரிந்து வருகிறது. ஆளுக்குப் பாதி. இங்கே "பை" வகுக்கிறது. (இங்கிலாந்துக்காரரிடம் போய் இப்படிக் கேட்காதீர்கள். இது நம் நாட்டு வழக்கம்.)

அதே இரண்டு பேர் மனை வாங்கப் போகிறார்கள். "40 பை 60" என்கிறார், தரகர். 40 அடி அகலம், 60 அடி நீளம். பெருக்கினால் 2,400 சதுர அடி. சென்னைக் கணக்கில் 1 கிரவுண்டு. இங்கே "பை" பெருக்குகிறது!

காபியில் வகுத்த சொல், மனையில் பெருக்குகிறது. சொல் ஒன்றுதான். இடம்தான் வேறு. பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்க்காமல் "பை"க்குப் பொருள் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கூடுதலும் குறைத்தலும்

இப்போது பாட்டியின் சீட்டுக்கு வருவோம்.

கூட்டுவது, குறைப்பது என்ற பேச்சு வந்தால், "பை" என்பது வித்தியாசத்தைக் காட்டும். "டு" என்பது முடிவைக் காட்டும்.

வீட்டு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "பை 500" உயர்கிறது என்றால், கூடுதல் 500. இனி கட்ட வேண்டியது 6,500. "டு 6,500" உயர்கிறது என்றாலும் அதே 6,500தான். முன்னதில் எழுதியது ஏறிய தொகை. பின்னதில் எழுதியது ஏறி நின்ற தொகை.

தமிழில் இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். "5 குறை" என்றால் ஒன்று. "5 ஆகக் குறை" என்றால் வேறு ஒன்று. "ஆக" என்ற சொல் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும். 20-ல் 5 குறைத்தால் 15. 20-ஐ 5 ஆகக் குறைத்தால் 5. நடுவில் நிற்பது 10 மில்லிகிராம். அந்தப் பத்தில்தான் பாட்டியின் உயிர் ஊசலாடியது.

கெடு தேதி

பணம் கட்டும் நோட்டீசிலும் "பை" உண்டு. "பை 10" என்று தேதி போட்டிருந்தால், 10-ந் தேதிக்குள் என்று பொருள். 10-ந் தேதி முதல் அல்ல. பொதுவாக 10-ந் தேதியும் அதில் சேரும்.

"டில் 10", "அன்டில் 10" என்றால், 10-ந் தேதி வரை. "கடை 10-ந் தேதி வரை மூடியிருக்கும்" என்பது ஒரு செய்தி. "பணத்தை 10-ந் தேதிக்குள் கட்டு" என்பது வேறு செய்தி. முதலாவது, தொடர்ந்து நடப்பது. இரண்டாவது, ஒரு தடவை முடிப்பது.

"விதின் 10 டேஸ்" என்று இருந்தால், 10 நாட்களுக்குள். தமிழில் இரண்டுக்கும் "உள்" வருவதால், நம்மவர்கள் "விதின் 10-த்" என்று தேதிக்கும் எழுதிவிடுகிறார்கள். நாட்களின் எண்ணிக்கைக்கு "விதின்". குறிப்பிட்ட தேதிக்கு "பை".

இன்னொரு எச்சரிக்கை. "ரீச் பை 10" என்று இருந்தால், விண்ணப்பம் 10-ந் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். 10-ந் தேதி தபால் பெட்டியில் போட்டால் போதாது. ஒரு வரியைச் சரியாகப் படிக்காததால் ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டுப் படிப்பே தள்ளிப் போகலாம்.

போலிப் பைகள்

"பை" போலவே தோன்றும் வேறு சில சொற்களும் உண்டு. அவற்றைக் கண்டு ஏமாறக்கூடாது.

விடைபெறும்போது "குட்பை" என்கிறோம். அதில் உள்ள "பை", நாம் பேசும் "பை" அல்ல. "கடவுள் உன்னோடு இருக்கட்டும்" என்ற பொருள் உள்ள ஓர் ஆங்கில வாக்கியம், வாய்க்கு வாய் தேய்ந்து தேய்ந்து "குட்பை" ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் விட்பி, கிரிம்ஸ்பி என்று ஊர்கள் இருக்கின்றன. அவற்றின் கடைசியிலும் அதே இரண்டு எழுத்துதான். அது, கடல் தாண்டி வந்து குடியேறிய வட நாட்டவர்கள் கொண்டுவந்த சொல். "ஊர்" என்று பொருள். நம்முடைய "பட்டி", "பாளையம்" போல.

கடையில் "வாங்கு" என்பதற்கும் உச்சரிப்பு "பை"தான். எழுத்து வேறு.

என்ன செய்யலாம்?

"எல்லோரும் நன்றாக ஆங்கிலம் படித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சிலர் சொல்லுவார்கள். பாட்டியின் பேரன் ஆங்கிலம் படிக்கிறவன்தானே? ஒன்றும் தெரியாதவன் நாலு பேரிடம் கேட்டிருப்பான். பாதி தெரிந்ததால்தான் அவன் யாரிடமும் கேட்கவில்லை.

ஆகவே, பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்ய வைப்பதை விட்டுவிட வேண்டும். "பை என்றால் ஆல்" என்று நூறு தடவை எழுதுவதைவிட, "பை" வரும் பத்து வாக்கியங்களை ஒரு தடவை படிப்பது நல்லது. வாடகைச் சீட்டு, மருந்துச் சீட்டு, கெடு தேதி நோட்டீஸ்: இவைதான் வாழ்க்கையில் வரும் பாடங்கள். இவற்றை வகுப்பில் படித்துக் காட்டினால் என்ன?

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் பாங்கிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்கப் போகிறவர் யார் என்று பார்த்து எழுதுங்கள். "முதல் வாரம் 15, இரண்டாம் வாரம் 10" என்று தமிழில் எழுத அரை நிமிடம் போதும். நேரம் இல்லை என்று சொல்லலாம். ஆனால், தவறு நடந்த பிறகு ஆகும் நேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு வார்த்தை. மருந்துச் சீட்டு புரியாவிட்டால் கேளுங்கள். டாக்டரிடம் கேளுங்கள். மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். கேட்பதில் அவமானம் இல்லை. கேட்காமல் விழுங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

பாட்டி இப்போது நலமாக இருக்கிறார். டாக்டர், அடுத்த சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். பேரன் அதைப் பார்த்து, நாள் காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் நேராக மாத்திரையின் அளவைக் குறித்து வைத்திருக்கிறான்.

தினமும் காலையில் பாட்டி அவனைக் கூப்பிடுகிறார். "இன்றைக்கு எவ்வளவுடா?" என்று கேட்கிறார். அவன் நாள் காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான்.