பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்!

பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் டயரியில் எழுதிக்கொண்டு வரும் டைம்டேபிளை நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? என்றைக்கு எந்த நோட்டு எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் அதைப் புரட்டுவோம். இந்தத் தடவை இன்னொன்றையும் பாருங்கள். வாரத்தில் இரண்டு கட்டங்களில் 'பி.டி.' என்று எழுதியிருக்கும். அந்த இரண்டும் நிஜமாகவே நடக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். "கணக்கு மிஸ் வாங்கிக்கிட்டாங்கம்மா", "போர்ஷன் முடியலைன்னு சயின்ஸ் சார் வந்துட்டாரு" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கடன் கேட்கும் ஒரே ஆள் பி.டி. மாஸ்டர்தான். வாங்கின கடனை யாராவது திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை!

கேட்காமலே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. பி.டி. உள்ள நாளில் வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கான்வாஸ் ஷூ. சொட்டு நீலம் போட்டு அலசி, இஸ்திரி போட்டு அனுப்பின சட்டை சாயங்காலம் எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். முழங்கால் பக்கம் புழுதி இல்லை, காலரில் வியர்வை இல்லை என்றால் பிள்ளை அன்றைக்கு மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். துவைக்கிறவளுக்கு அது சௌகரியம்தான். எனக்கென்னவோ அழுக்குச் சட்டையைப் பார்த்தால்தான் மனசு நிறைகிறது.

எங்கள் எதிர் வீட்டுத் தங்கச்சியின் மகன் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. "பத்தாவதுக்கு பி.டி.யே கிடையாதுன்னு ஸ்கூல்லயே நிறுத்திட்டாங்கக்கா. நல்லதாப் போச்சு. கிரவுண்டுல ஓடினா மார்க்கா வரப்போகுது?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பரீட்சை பயம் அப்படி. ஆனால் அந்தப் பையனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடிகாலை ஐந்தரைக்கு டியூஷன். எட்டு மணிக்கு வாசலிலேயே வேன். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். திரும்ப டியூஷன். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே சாமியாடுகிறான். பதினைந்து வயதுப் பையன், நாள் முழுக்க ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. புத்தகம் திறந்துதான் இருக்கிறது. படித்தது உள்ளே போகிறதா என்பதுதான் கேள்வி.

ஓடினால் மார்க் வருமா? நேராக வராது. மைதானத்தில் பத்துச் சுற்று ஓடினவனுக்குத் தேற்றம் தானாகத் தெரிந்துவிடாது. ஆனால் தேற்றத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது அதைக் கவனிக்கிற மனசு வேண்டுமே, அது ஓட்டத்தில் வருகிறது. மூளையின் எடை நம் உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. உடம்பை நன்றாக அசைத்தால் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது, மூளைக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழியும் வகுப்பும், விளையாடிவிட்டு முகம் கழுவி வந்து உட்காரும் வகுப்பும் ஒன்றுபோல இருக்காது என்று எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2009-ல் வந்த ஆராய்ச்சி அது. ஒன்பது, பத்து வயதுள்ள 20 பிள்ளைகள். ஒரு நாள் 20 நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள். இன்னொரு நாள் அதே பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்தார்கள். இரண்டு நாளும் படபடப்பெல்லாம் அடங்கின பிறகு கவனத்தைச் சோதிக்கும் ஒரு தேர்வு, வாசித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தேர்வு. நடந்த நாளில் கவனமும் கூடுதல், வாசிப்பில் மதிப்பெண்ணும் கூடுதல். பிள்ளைகள் அதேதான், மூளையும் அதேதான். நடுவில் இருந்தது 20 நிமிட நடை. நம் பி.டி. பீரியடோ 40 நிமிடம்!

இதைச் சொன்னதும் தங்கச்சி, "ஒரு நாள் கூத்தை வச்சு எப்படிக்கா சொல்றது?" என்றாள். நியாயமான கேள்வி. ஸ்வீடனில் மால்மோ என்ற ஊரில் 1999-ல் தொடங்கி ஒன்பது வருஷம் பார்த்திருக்கிறார்கள். சில வகுப்புகளுக்குத் தினமும் உடற்பயிற்சி பீரியட். மற்ற வகுப்புகளுக்கு வழக்கம்போல வாரத்தில் இரண்டு. மொத்தம் 220 பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு முடிந்தபோது, தினமும் விளையாடினவர்களில் நூற்றுக்கு 96 பேர் மேல்நிலைப் படிப்புக்குத் தகுதி பெற்றார்கள். மற்றவர்களில் 89 பேர். வித்தியாசம் பையன்களிடம்தான் அதிகமாகத் தெரிந்தது. துறுதுறுவென்று இருக்கும் பையனைப் பெற்ற தாய்மார்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லா ஆராய்ச்சியும் இப்படிச் சொல்கிறதா என்றால், இல்லை. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2010-ல் இப்படிப்பட்ட 50 ஆராய்ச்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. பாதி முடிவுகளில் படிப்புக்கு நன்மை தெரிந்தது. மீதிப் பாதியில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விளையாட்டு நேரத்தால் படிப்பு கெட்டது என்று வந்தவை நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. எனக்கு இந்தக் கடைசிக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. வாரத்தில் இரண்டு பீரியட் போனால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயந்துதானே நாம் விட்டுக் கொடுக்கிறோம்? அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க ஊர் சமாச்சாரம்" என்று மாமியார் சொன்னால், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்பவர் 1920-லேயே ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கும் முன்னால் நம் தெருவில் கிளித்தட்டு இருந்தது. கிளித்தட்டு ஆடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் கால் மட்டும் போதாது. எந்தக் கோட்டில் யார் நிற்கிறார்கள், எவள் எந்தப் பக்கம் பாய்வாள், நம் கட்சியில் யார் தாண்டிவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டு, பாயத் துடிக்கிற காலை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கணக்குப் போடும்போது அவசரப்படாமல் இருக்க வேண்டியதும் அதே அடக்கம்தானே! நொண்டியும் பாண்டியும் கோகோவும் அப்படித்தான். வரிசையாக நிற்க வைத்துக் 'கையைத் தூக்கு, கையை இறக்கு' என்று விசில் ஊதுவதைவிட, யோசித்து ஆடுகிற ஆட்டம் பிள்ளைகளுக்கு உகந்தது என்பது என் கட்சி.

தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும், குறும்பு செய்தவனுக்கு "உனக்கு பி.டி. கட்" என்பதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கங்கள். முதலாவது ஓட்டத்தின் மேலேயே வெறுப்பை உண்டாக்கும். இரண்டாவது, எந்தப் பிள்ளைக்கு ஓட்டம் அதிகமாகத் தேவையோ அவனையே பிடித்து உட்கார வைக்கிறது.

இப்போது பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை ஆட்டம் போட்ட பெண் ஒன்பதாவதில் வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். வெயிலில் கறுத்துப் போவாள் என்று பாட்டி சொல்லியிருப்பார். துப்பட்டாவை எங்கே வைப்பது என்ற கூச்சம் வேறு. பல பள்ளிகளில் விளையாடி முடித்து முகம் கழுவ ஒழுங்கான இடம் கிடையாது. மாதவிலக்கு நாளில் விளையாடக் கூடாது என்பதும் பழைய எண்ணம்தான். வலி அதிகமாக இருந்தால் உட்காரட்டும். இல்லையென்றால் விளையாடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. லேசான நடையும் பயிற்சியும் சிலருக்கு வலியைக் குறைக்கவும் செய்கிறது. பையன்களுக்கு ஒரு பந்து, பெண்களுக்கு ஒரு மரநிழல் என்று பள்ளிக்கூடமே பிரித்து வைத்தால், அதைக் கேட்க வேண்டியது அம்மாக்கள்தான்.

"ரெண்டு ரவுண்டு ஓடினாலே மயக்கமா வருதும்மா" என்று பெண் சொன்னால் சோம்பேறி என்று திட்டாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு ஓட்டமும் முடியாது, பாடத்திலும் மனசு நிற்காது. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், கவனியுங்கள். வீட்டில் முருங்கைக்கீரை, கம்பு, கூடவே ஒரு துண்டு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு. சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வெறும் வயிற்றோடு ஓடவிடுவதும் கூடாது. இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். இளைப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு எவ்வளவு விளையாடலாம் என்று டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டு வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். இளைப்பு இருக்கிறது என்பதற்காக வருஷம் முழுக்க உட்கார வைக்கத் தேவையில்லை.

மைதானமே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. மாடிக் கட்டடம், கீழே கடை. அங்கே என்ன செய்வது? ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் என்ற ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை, எலேன் வைலி என்று பெயர், 2012-ல் ஒரு காரியம் செய்தார். தினமும் 15 நிமிடம், போட்டிருக்கும் உடுப்போடு, பிள்ளைகளை வெளியே ஓடவோ நடக்கவோ விட்டார். பந்து கிடையாது, போட்டி கிடையாது, ஜெயிக்கிறவன் தோற்கிறவன் கிடையாது. அது 'டெய்லி மைல்' என்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நம் ஊர் வெயிலுக்குக் காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு நடத்தினால் பிரமாதமாக நடக்கும். செலவு? ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியில் போய்க் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று தயங்க வேண்டாம். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும், விளையாட்டுச் சாமான்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மத்திய போர்டான சி.பி.எஸ்.இ. 2018-ல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தினம் ஒரு உடற்கல்வி பீரியட் என்று விதி போட்டது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் அதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க அசைய வேண்டும் என்கிறது. பள்ளியில் இருப்பது வாரத்தில் இரண்டு பீரியட். அதையும் கடன் கொடுத்தால் மிச்சம் என்ன?

போன மாதம் என் சின்ன மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பத்தாம் வகுப்புக்கு பி.டி.யை எடுத்துவிட்டுக் கணக்கு வையுங்கள் என்று கேட்டவர்களே பெற்றோர்கள்தான், மூன்று பேர். நான் எழுந்து, "மத்தியானம் முதல் பீரியட்ல எத்தனை பேர் தூங்கறாங்கன்னு கணக்கு டீச்சரே சொல்லட்டும்" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். "பாதி கிளாஸ்" என்றார். தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அரையாண்டுப் பரீட்சை வரை இரண்டு பீரியடும் இருக்கட்டும், மார்க்கைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று முடித்தார். முழு வெற்றி இல்லை. ஆனாலும் மூன்று, நான்கு மாதம் கையில் கிடைத்திருக்கிறது.

வெளியே வரும்போது பி.டி. டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தார். "பீரியட் வாங்கிக் குடுத்துட்டீங்க, சந்தோஷம். ஆனா வாலிபால் வலை கிழிஞ்சு ரெண்டு வருஷமாச்சுங்க" என்றார். இப்போது நாங்கள் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூல் செய்துகொண்டிருக்கிறோம். எதிர் வீட்டுத் தங்கச்சியும், மகன் வேறு பள்ளியாக இருந்தும், ஐம்பது ரூபாய் கொடுத்திருக்கிறாள். அவன் பள்ளிக்கு அடுத்த வாரம் என்னையும் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.