முன்சக்கரம் கனக்கும் கணம்

அண்மையில் ஒரு மழைக்காலைப் பொழுதில் எங்கள் பள்ளி வாயிலில் கண்ட காட்சியே இதனை எழுதத் தூண்டியது. மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த தந்தை ஒருவர், குறுக்கே நுழைந்த காரைக் கண்டு பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் சுழலாமல் நின்றுபோக, வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. “முன் பிரேக்கைப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டேன். “அதைப் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் டீச்சர். நான் தொடுவதே இல்லை” என்றார்.

இவ்வச்சம் பெற்றோர் பலரிடம் உண்டு. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே, இவ்வச்சத்தைத் தெளிவிப்பது அறிவியல் கற்பிக்கும் நமது கடமையும் ஆகும் என்பதே என் கருத்து.

பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம். விரைந்து புறப்பட்டால் பின்னே சாய்கிறோம். வண்டிக்கும் இதுவே நிகழ்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியைத் தடுக்கும் உராய்வு விசை, சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் செயல்படுகிறது. ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே, இருக்கையை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. கீழே தடை, மேலே தொடர்ந்து ஓட முனையும் பொருண்மை. எனவே முன்சக்கரம் தரையைக் கூடுதலாக அழுத்துகிறது. பின்சக்கரத்தின் சுமை குறைகிறது. மொத்த எடை மாறுவதில்லை; அதன் பங்கீடுதான் மாறுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வண்டி, தந்தை, மகன், புத்தகப்பை எல்லாம் சேர்ந்து 200 கிலோ; இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1.25 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.6 மீட்டர் எனக் கொள்வோம். நிற்கும்போது முன்சக்கரத்தின் மேல் 80 கிலோவும் பின்சக்கரத்தின் மேல் 120 கிலோவும் இருக்கட்டும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 3 வினாடியில் சீராக நிறுத்தினால், ஏறத்தாழ 49 கிலோ சுமை முன்னே பெயர்கிறது. அவ்வேளையில் முன்சக்கரம் 129 கிலோவையும் பின்சக்கரம் 71 கிலோவையும் தாங்கும். சுமை மிகுந்த சக்கரமே சாலையை இறுகப் பற்றும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால், உலர்ந்த சாலையில்கூட இவ்வண்டி 3 வினாடியில் நிற்காது.

தந்தையின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால், சுமை முன்னே பெயர்வதற்குள் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மழையிலும் மணலிலும் வளைவிலும் இஃது இன்னும் ஆபத்தானது. ஆகவே கைப்பிடியை நேராக வைத்து, இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். ஆளில்லாத திடலில் மெதுவான வேகத்தில் பழகிக்கொள்வது நல்லது.

விரைந்து புறப்படும்போதோ முன்சக்கரத்தின் சுமை குறைகிறது. கனத்த பையை முதுகில் சுமந்த பிள்ளை இருக்கையின் கடைசியில் அமர்ந்தால் அது மேலும் குறையும். மேட்டில் ஏறும்போது கைப்பிடி தளர்ந்தாடுவது இதனால்தான். பையை முன்கூடையில் வையுங்கள். பிள்ளையை நெருங்கி அமரச் செய்யுங்கள்.

ஆசிரியர் நண்பர்களே, ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்றுதானே பயிற்சிக் கழகத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? விசை என்றால் தள்ளுதலும் இழுத்தலும் என்று எழுதவைப்பதோடு ஏன் நின்றுவிடுகிறோம்? விளையாட்டு வண்டியின் மேல் நீர் நிறைந்த புட்டியை ஒருமுறை நிறுத்தியும் ஒருமுறை படுக்கவைத்தும் ஓட்டி, சட்டென்று நிறுத்திக் காட்டுங்கள். நின்ற புட்டி முன்னே கவிழும். ஈர்ப்பு மையத்தின் உயரம் என்ன செய்கிறது என்பதை மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்.

அம்மாணவன் மறுநாள் அப்பாவின் பின்னால் அமரும்போது, “முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்கப்பா, மெதுவா” என்று சொல்வானானால், அன்றைய பாடம் நிறைவேறியதாக நான் கொள்வேன்.