பவளம் உவமைக்கு மட்டுமா?

பவளவாய் என்னும் தொடரை விளக்காத தமிழாசிரியர் இலர். அதனைத் தேர்வில் எழுதாத மாணவரும் இலர். நவமணிகளுள் ஒன்று பவளம் என்பதும், அதன் பழந்தமிழ்ப் பெயர் துகிர் என்பதும் நமக்கு மனப்பாடம். ஆயினும், பவள உயிர்கள் நம் கெடா மாநிலத்துக் கடலிலேயே வாழ்கின்றன என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாயார் தீவு. அதனையும் அருகிலுள்ள சிறு தீவுகளையும் சூழ்ந்த கடல், 1994இல் கடற்பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பிடிப்பதும் பவளத்தை உடைத்தெடுப்பதும் சட்டப்படி குற்றம்.

பவளப்பாறை வெறுங்கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிச் சுண்ணாம்பினால் எழுப்பிய குடியிருப்பு அது. திண்ணிய பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியே அதற்குப் பெரும்பகுதி உணவை ஆக்கித் தருகிறது. கடல்நீர் மிகையாகச் சூடேறின் அப்பாசி நீங்கும், பவளம் வெளுக்கும், வெப்பம் நீடிப்பின் மடியும். 2010இல் இவ்வாறு வெளுப்பு நேர்ந்தபோது, மலேசியக் கடற்பூங்காக்களில் முக்குளிக்கும் இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. 2024இல் உலகு தழுவிய நான்காம் வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

“தோட்டத்தை இழந்து பட்டணத்தில் அல்லற்படும் நமக்குப் பவளப்பாறை எதற்கு? அது செல்வர் கண்டு களிக்கும் காட்சி” என்பர் சிலர். படகுக் கட்டணம் ஏழைக்கு எட்டாது என்பது மெய்யே. ஆனால், காணச் செல்வோர்க்கு மட்டுமே காக்கும் கடமை உண்டு என்று யார் சொன்னது? தோட்டத்தில் இடும் உரமும், மரம் வீழ்த்திய நிலத்தின் மண்ணும் மழையோடு கால்வாயில் இறங்குகின்றன. மூடா ஆறும் மெர்போக் ஆறும் கரையோரக் குப்பையையும் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுசெல்கின்றன. படியும் சேறு பவளத்தை மூச்சடைக்கச் செய்யும். கரைந்த உரம் அதனை மூடும் பாசியை வளர்க்கும். சுங்கை பட்டாணியில் வாய்க்காலில் எறியும் நெகிழிப் பைக்குக் கடல் வெகுதொலைவு அன்று.

இனி, சுற்றுலா சென்று வந்ததையே இயற்கைத் தொண்டாகக் கருதுவோர் உளர். பவளத்தின்மேல் காலூன்றி நின்று படம் எடுப்பது தொண்டாகுமா? மீனுக்கு ரொட்டி எறிவது அறமாகுமா? பல்லாண்டு வளர்ந்த கிளையை ஒரு மிதி ஒடித்துவிடும். தொடாமல், மிதிக்காமல், ஊட்டாமல், எதையும் எடுக்காமல் திரும்புவோரே நல்ல விருந்தினர். படகுக்காரர் பாறைமேல் நங்கூரம் எறிந்தால் தடுத்துக் கேட்பதும் விருந்தினர் கடமையே.

“சிறியோர் நம்மால் என்ன ஆகும்?” என்று கேட்போர்க்கு நம் வரலாறே விடை கூறும். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியோர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தினர். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். சிறு துளிகள் கூடி நிலம் காத்த மக்கள் நாம். சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு அழிவதை நாமே வாளாவிருந்து பார்ப்பது தகுமா? குடியிருப்பை இழப்பதன் வலியை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, பவளவாய்க்குப் பொருள் கூறும் நாளில் பாயார் தீவையும் வரைபடத்தில் காட்டுங்கள். மாணவர்களே, பள்ளி வாய்க்காலைத் தூய்மை செய்வதில் தொடங்குங்கள். கடாரம் வென்ற பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கடாரத்துக் கடலைக் காத்த பெருமையும் நமக்கு வேண்டாவா? பொருள் மறைந்தபின் உவமையை மட்டும் வைத்துக்கொண்டு நாம் எதைக் கற்பிக்கப் போகிறோம்?