ஃபேரி வேண்டாம், வீட்டுக் கன்னியை எழுதுங்க

போன வாரம் கேன்டீன்ல ஒரு பெரிய பஞ்சாயத்து. வகுப்புத் தோழி ஒருத்தி ஹோலி பிளாக் எழுதின 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) படிச்சு முடிச்சுட்டு, "தமிழ்ல இப்படி ஒண்ணு வரவே வராதுப்பா. நம்ம ஊர்ல ஏது இந்த மாதிரி இருட்டு, மர்மம், குடும்ப ரகசியம்?"னு சொல்லிட்டா. வடையை அப்படியே வச்சுட்டு சண்டைக்குப் போயிட்டேன். அங்க முடியாததை இங்க முடிக்கிறேன்.

முதல்ல ஒண்ணு, நாவல் நல்ல நாவல்தான். நானும் ரெண்டு ராத்திரி முழிச்சுப் படிச்சேன். ஏழு வயசு ஜூட் கண்ணு முன்னாடியே அவ அப்பா அம்மாவை வெட்டிப் போடுறான் மேடாக். கொன்னவனே அவளையும் கூடப் பிறந்தவங்களையும் ஃபேரி உலகத்துக்குக் கொண்டு போய் வளர்க்கிறான். தம்பின்னு வளர்ற பொடியன் யார் பிள்ளைங்கறது பெரிய ரகசியம், அதைச் சொல்ல மாட்டேன் :) ஃபேரின்னதும் வெள்ளை கவுன் போட்ட தேவதைன்னு நினைச்சுடாதீங்க. கண்கட்டு வித்தை காட்டும், மனுஷனை ஆட்டிப் படைக்கும். ஆனா பொய் மட்டும் சொல்ல முடியாது.

அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா எங்க வீட்டுப் பரண்ல ஒரு ஓலைப்பெட்டி இருக்கு. தைப்பொங்கல் முடிஞ்ச கையோட அதை இறக்கி, புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் வச்சுக் கும்பிடுவோம். வீட்டுக் கன்னி. ஆச்சியோட தங்கச்சி. பதினாறு வயசுல கிணத்துல தவறி விழுந்துட்டாளாம். இதே ஆச்சிதான் இன்னொரு நாள், "எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே என் தங்கச்சிதான்"னு சொன்னா. "பிறகு எப்படி ஆச்சி முங்கினா?"ன்னு கேட்டேன். "சாமியை அப்படியெல்லாம் கேக்கக் கூடாது." அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் அவ பேரு எனக்குத் தெரியாது. கன்னின்னுதான் சொல்றாங்க.

பி.காம். படிக்கிறவங்களுக்குச் சட்டுனு புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம்ல? அதேதான். ஆனா அங்க தப்பைக் கண்டுபிடிச்சு அந்தக் கணக்கை மூடணும். நம்ம வீடுகள்ல அதுக்குப் பொங்கல் வச்சுக் கும்பிட்டுக்கிட்டே இருக்கோம்.

ஊரறிஞ்ச கதைகளையே பாருங்க. அண்ணன் வீட்டுக்குப் பசின்னு போன நல்லதங்காளை அண்ணி மூளி அலங்காரி விரட்டினா. ஏழு பிள்ளைகளையும் கிணத்துல போட்டுட்டு அவளும் விழுந்தா. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துல அவளுக்குக் கோயில் இருக்கு. கோவில்பட்டியில பஸ் ஏறினா சீக்கிரம் வர்ற இடைசெவல்ல பிறந்த கி.ரா., 1976லேயே 'கோபல்ல கிராமம்' எழுதிட்டாரு. அதுல தனியா நடந்து போற ஒரு பெண்ணை நகைக்காகத் தண்ணியில அமுக்கிக் கொல்றான் ஒருத்தன். சாகும்போது அவ அவன் கால் விரலைக் கடிச்ச கடியை விடலை, அதுல மாட்டிக்கிறான். இதை விட இருட்டு வேணுமா உங்களுக்கு?

"சாமி விஷயத்துல கை வைக்கிறியே"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் கும்பிட வேண்டாம்னு சொல்லவே இல்லையே. ஃபேரி பிறந்த அயர்லாந்திலேயே 1895ல பிரிட்ஜெட் கிளியரிங்கற 26 வயசுப் பொண்ணை அவ புருஷன் நெருப்பு வச்சுக் கொன்னான். "இவ என் பொண்டாட்டி இல்லை, ஃபேரி மாத்தி வச்சுட்டுப் போன ஆளு"ங்கறதுதான் அவன் சொன்ன காரணம். ஆக அங்கேயும் வீட்டுக்குள்ள நடந்த கொலைக்கு ஃபேரிதான் போர்வை. ஒரே வித்தியாசம், அங்க கோர்ட் விசாரிச்சு அவனை உள்ள தள்ளுச்சு. நம்ம கன்னிகளை யாரு விசாரிச்சா?

அதனால தமிழ்ல ஃபேன்டசி எழுதுறேன்னு கிளம்பி டிராகன், எல்ஃப், பனி மலைன்னு அளந்து விடுறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கரிசக்காட்டுல ஏதுய்யா பனி? உங்க வீட்டுப் பரண்ல ஏறிப் பாருங்க. பெட்டி இருந்தா, அது யாரோட பாவாடைன்னு கேளுங்க. அடி விழும். எனக்கு விழுந்திருக்கு.

ஆச்சிக்கு இப்ப 83 வயசு. அவ தங்கச்சி பேரு தெரிஞ்ச ஆளு வீட்ல அவ ஒருத்திதான். வர்ற தைக்குப் பெட்டியை இறக்கும்போது மறுபடியும் கேக்கப் போறேன்.